வாக்குப் பெட்டியைக் காத்த கைகள்

பிலிப்பைன்ஸ் நாட்டில் மக்களாட்சி மீண்டதன் நாற்பதாம் ஆண்டு நினைவு

வேரித்தாஸ் வானொலி என்னும் பெயர் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. சிற்றலை வானொலிப் பெட்டியின் முள்ளை மெல்ல மெல்லத் திருப்பி, இரைச்சலுக்கு இடையே மணிலாவிலிருந்து மிதந்து வரும் தமிழ்க் குரலுக்காகக் காத்திருந்த நாட்களை நம் பெரியவர்கள் இன்றும் சொல்லி மகிழ்வார்கள். 'வேரித்தாஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'உண்மை' என்பது பொருள். கடல் கடந்து நமக்கு நற்செய்தியையும் நல்லுரையையும் வழங்கிய அந்த நிலையம், 1986ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தன் சொந்த நாட்டு மக்களுக்கு உண்மையை உரைத்தது. அதற்காக அதன் ஒலிபரப்புக் கருவிகள் படைவீரர்களால் அடித்து நொறுக்கப்பட்டன.

ஆனால் நொறுக்கியவர்களின் காலம் அத்தோடு முடிந்தது. அடுத்த மூன்று நாட்களுக்குள், இருபது ஆண்டுகள் அந்நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்த பெர்டினாண்ட் மார்க்கோஸ் அரண்மனையை விட்டு வெளியேறினார். பெரிய போர் எதுவும் நிகழவில்லை. தெருவில் நின்ற மக்களின் கைகளில் செபமாலைகளும், மலர்களும், உணவுப் பொட்டலங்களுமே இருந்தன. 2026 பிப்ரவரி 25ஆம் நாளோடு அந்நிகழ்ச்சிக்கு நாற்பது ஆண்டுகள் நிறைகின்றன.

அந்த நான்கு நாட்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். அவற்றுக்கு முன் நிகழ்ந்ததையும் பின் நிகழ்ந்ததையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அவற்றின் பொருள் நமக்கு முழுமையாக விளங்காது. அந்த வெற்றி எவ்வாறு வந்தது? வந்த வெற்றி நிலைத்து நின்றதா? இவ்விரு வினாக்களையும் எழுப்பிப் பார்ப்பதே உண்மையான நினைவுகூரல் ஆகும்.

இருள் சூழ்ந்த ஆண்டுகள்

மார்க்கோஸ் வன்முறையால் ஆட்சிக்கு வந்தவர் அல்லர். 1965இல் மக்களின் வாக்குகளால் குடியரசுத் தலைவரானார். 1969இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருமுறைக்கு மேல் அப்பதவியை வகிக்க அன்றைய அரசியல் சாசனம் இடம் தரவில்லை. பதவிக்காலம் முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே, 1972 செப்டம்பரில், நாடு முழுவதும் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். பாராளுமன்றம் மூடப்பட்டது. பத்திரிகைகளும் வானொலி நிலையங்களும் பூட்டப்பட்டன. எதிர்க்கட்சித் தலைவர்கள் இரவோடு இரவாகக் கைது செய்யப்பட்டனர்.

1981 சனவரியில் இராணுவச் சட்டம் பெயரளவில் விலக்கப்பட்டது. எனினும் அதிகாரங்கள் அனைத்தும் அவர் கையிலேயே இருந்தன. அந்தக் கொடிய ஆண்டுகளில் சுமார் 70,000 பேர் சிறைப்பட்டனர், சுமார் 34,000 பேர் சித்திரவதைக்கு ஆளாயினர், 3,200க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்று மனித உரிமை அமைப்புகளும் வரலாற்று ஆய்வாளர்களும் மதிப்பிட்டுள்ளனர். நாட்டின் வெளிக்கடன் 2,500 கோடி டாலருக்கு மேல் ஏறியது. ஆள்வோரின் உறவினரும் நண்பரும் பெருஞ்செல்வர் ஆயினர். கரும்புத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகள் பசியால் வாடினர்.

அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் கத்தோலிக்கர். அங்கே திருச்சபை என்ன செய்தது? உண்மையை மறைக்காமல் கூறுவோமானால், தொடக்கத்தில் ஆயர்கள் அனைவரும் ஒரே குரலில் பேசவில்லை. மணிலாப் பேராயர் கர்தினால் ஜெய்மே சின், அரசின் நல்லதற்கு ஒத்துழைப்பு, தீயதற்குக் கண்டனம் என்ற நடுவழியையே பல ஆண்டுகள் பின்பற்றினார். அதே வேளையில் துறவற சபைத் தலைவர்களின் கூட்டமைப்பு 1974இல் அரசியல் கைதிகளுக்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதன் கன்னியரும் குருக்களும் சிறை சிறையாகச் சென்றனர். யார் காணாமற் போனார், யார் எங்கே அடிபட்டார், யாருடைய உடல் எங்கே கிடைத்தது என்று ஒவ்வொரு பெயராக எழுதி வைத்தனர். அரசு மறைத்த பெயர்களைக் காத்து வைத்த அந்தக் குறிப்பேடுகள், பிற்காலத்தில் நீதி கேட்டவர்களுக்குச் சான்றாக நின்றன.

விமான நிலையத்தில் சிந்திய இரத்தம்

கைதானவர்களுள் முதன்மையானவர் 'நினோய்' என்று மக்கள் அன்போடு அழைத்த பெனிக்னோ அக்கினோ. மேலவை உறுப்பினராக இருந்த அவர், ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வைக்கப்பட்டார். 1977இல் இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1980இல் இதய அறுவைச் சிகிச்சைக்காக அமெரிக்கா செல்ல விடுவிக்கப்பட்டார். அங்கே மனைவி மக்களோடு மூன்றாண்டுகள் அமைதியாக வாழ்ந்தார். அங்கேயே தங்கியிருந்தால் அவருக்கு ஆபத்து ஏதுமில்லை.

ஆயினும் தம் மக்கள் துன்புறுகையில் தாம் மட்டும் நலமாக இருக்க அவர் மனம் ஒப்பவில்லை. 1983 ஆகஸ்டு 21ஆம் நாள் மணிலா விமான நிலையத்தில் வந்திறங்கினார். படைவீரர்கள் விமானத்துக்குள் ஏறி அவரை அழைத்துச் சென்றனர். அடுத்த சில நொடிகளில் துப்பாக்கி வெடித்தது. தாய்நாட்டு மண்ணில் அவர் பிணமாக விழுந்தார்.

அவரது இறுதி ஊர்வலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் கலந்துகொண்டனர். இருபது இலட்சம் பேர் என்றும் மதிப்பிடுவர். தேவாலயத்திலிருந்து கல்லறை சென்றடையப் பதினொரு மணி நேரம் ஆயிற்று. அரசுக்கு அஞ்சிய பத்திரிகைகளும் வானொலிகளும் அதனைப் பெரிதுபடுத்தத் துணியவில்லை. வேரித்தாஸ் வானொலி மட்டும் ஊர்வலத்தை நேரடியாக ஒலிபரப்பியது. எது நடந்தது என்று அறிய வேண்டுமாயின் எந்த நிலையத்தைத் திருப்ப வேண்டும் என்பதை மக்கள் அன்று கற்றுக்கொண்டனர்.

கைம்பெண் ஒருத்தியின் துணிவு

1985 நவம்பரில் மார்க்கோஸ், தம் செல்வாக்கை உலகுக்குக் காட்டும் எண்ணத்துடன், திடீர்த் தேர்தல் ஒன்றை அறிவித்தார். எதிர்த்து நிற்பவர் யார்? பிளவுபட்டுக் கிடந்த எதிர்க்கட்சிகளை ஒன்றாக்கக் கூடியவர் ஒருவரே இருந்தார். அவர் கொலையுண்ட நினோயின் மனைவி கோரசோன் அக்கினோ. ஐந்து பிள்ளைகளின் தாய். கன்னியர் நடத்திய பள்ளிகளில் பயின்றவர். அரசியல் மேடைகளில் கணவரின் அருகே அமைதியாக நின்று பழகியவர். பத்து இலட்சம் கையொப்பங்கள் திரட்டப்பட்டு அவர் முன் வைக்கப்பட்டன. நீண்ட செபத்திற்குப் பின் அவர் இசைந்தார்.

"அரசியல் அனுபவமற்ற பெண்" என்று மார்க்கோஸ் ஏளனம் செய்தார். பொய் சொல்லவும், ஏமாற்றவும், திருடவும், எதிரிகளைக் கொல்லவும் தமக்கு அனுபவம் இல்லை என்பதைத் தாம் ஒப்புக்கொள்வதாக அந்த அம்மையார் மறுமொழி கூறினார். மஞ்சள் உடை அணிந்து ஊர் ஊராகச் சென்றார். அவர் பேச்சில் சொல்நயம் குறைவு. ஆனால் தன் கணவனுக்கு நேர்ந்ததை ஒரு மனைவி எடுத்துரைத்தபோது, மகனை இழந்த தாயரும் தந்தையை இழந்த பிள்ளைகளும் அதில் தங்கள் கதையைக் கேட்டனர்.

வாக்குகளுக்குக் காவல்

1986 பிப்ரவரி 7ஆம் நாள் தேர்தல் நடந்தது. நம் கட்டுரையின் இதயப் பகுதி இதுவே.

நேர்மையான தேர்தலுக்கெனக் குடிமக்கள் 1983இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியிருந்தனர். 'நாம்ஃபிரெல்' என்பது அதன் சுருக்கப் பெயர். ஏறத்தாழ 5,00,000 தொண்டர்கள் அந்தத் தேர்தலில் பணியாற்றினர். ஆசிரியர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள், கடைக்காரர்கள், குருமாணவர்கள், கன்னியர்கள் எனப் பலரும் அதில் இருந்தனர். அவர்களுடைய வேலை மிக எளியது: வாக்குச் சாவடியில் விழிப்போடு நிற்பது, எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வது, குறித்ததைப் பொய்யின்றி மணிலாவுக்குச் சேர்ப்பது.

எளிய வேலைதான், ஆனால் ஆயுதமேந்திய ஆட்கள் சாவடிகளுக்குள் புகுந்தனர். பெட்டிகளைப் பறிக்க முயன்றனர். பட்டியல்களிலிருந்து எண்ணற்ற வாக்காளரின் பெயர்கள் மாயமாயிருந்தன. ஆபத்து மிகுந்த சாவடிகளுக்குக் கன்னியர்களே அனுப்பப்பட்டனர். அவர்களை மக்கள் வேடிக்கையாக 'நாம்ஃபிரெல் கடற்படை வீரர்கள்' என்று அழைத்தனர். துறவற உடையோடு, கைகளைக் கோத்துக்கொண்டு, வாக்குப் பெட்டிகளைச் சூழ்ந்து அவர்கள் நின்றனர். பெட்டி செல்லும் இடமெல்லாம் தாமும் உடன் சென்றனர். மடத்தில் நற்கருணைக்கு முன் விழித்திருந்து பழகியவர்கள், அன்றிரவு மக்களின் வாக்குகளுக்கு முன் விழித்திருந்தனர்.

அரசின் எண்ணிக்கையும் இயக்கத்தின் எண்ணிக்கையும் வேறுபட்டன. பிப்ரவரி 9ஆம் நாள் இரவு ஒரு வியப்பு நிகழ்ந்தது. அரசின் தேர்தல் ஆணையத்தில் கணிப்பொறிகளில் எண்களைப் பதிவு செய்துகொண்டிருந்தவர்களுள் 35 பேர் தங்கள் இருக்கைகளை விட்டு எழுந்தனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். தாங்கள் பதிந்த எண்ணிக்கை வேறு, பலகையில் மக்களுக்குக் காட்டப்பட்ட எண்ணிக்கை வேறு என்பதைக் கண்டனர். பொய்க்குத் துணைபோக மறுத்து, உலகப் பத்திரிகையாளர்கள் பார்க்க, மண்டபத்தை விட்டு வெளியேறினர். அவர்களுடைய வேலை போயிற்று, உயிருக்கும் உறுதியில்லை. அவர்கள் அடைக்கலம் புகுந்த இடம் பக்கிளாரான் என்னுமிடத்தில் உள்ள சதா சகாய மாதா ஆலயம். புதன்கிழமை நவநாளுக்கு மக்கள் வெள்ளம் போலத் திரளும் அந்த ஆலயத்தின் வாயில் அன்றிரவு அவர்களுக்குத் திறந்தது.

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 11ஆம் நாள், அந்திக்கே மாநிலத்தின் முன்னாள் ஆளுநரும் கோரசோன் அக்கினோவின் ஆதரவாளருமான எவேலியோ சாவியர், வாக்கு எண்ணிக்கை நடந்த இடத்திற்கு அருகே, பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்குகளைக் காத்து நின்றதற்கு அவர் செலுத்திய விலை அது.

மக்கள் பிரதிநிதி சபை, மார்க்கோஸ் சுமார் 1 கோடியே 8 இலட்சம் வாக்குகளும் அக்கினோ சுமார் 93 இலட்சம் வாக்குகளும் பெற்றதாக அறிவித்தது. நாம்ஃபிரெல் தனக்குக் கிடைத்த எண்ணிக்கைகளின்படி, அக்கினோ சுமார் 78 இலட்சமும் மார்க்கோஸ் சுமார் 70 இலட்சமும் பெற்றதாகக் கூறியது. பிப்ரவரி 14ஆம் நாள் ஆயர் பேரவை தன் அறிக்கையை வெளியிட்டது. தேர்தல் இதுவரை காணாத மோசடி நிறைந்தது என்றும், மோசடியால் கைப்பற்றிய ஆட்சிக்கு அறநெறி அடிப்படை இல்லை என்றும், தீமையை மக்கள் வன்முறையின்றி எதிர்க்க வேண்டும் என்றும் ஆயர்கள் ஒரு மனதாகக் கூறினர். கோவில்தோறும் அந்த அறிக்கை வாசிக்கப்பட்டது.

நான்கு நாட்கள்

பிப்ரவரி 22, சனிக்கிழமை. பாதுகாப்பு அமைச்சர் சுவான் போன்சே என்ரீலேயும், படைத் துணைத் தலைவர் பிடல் ராமோசும் மார்க்கோசை விட்டு விலகி, மணிலாவின் இரு படை முகாம்களில் புகுந்துகொண்டனர். அவர்கள் தூயவர்கள் அல்லர். இராணுவச் சட்ட ஆட்சியின் தூண்களாக நின்றவர்கள். அவர்களுடைய சதித்திட்டம் வெளிப்பட்டுவிட்டதால் உயிர்தப்பவே அங்கே சென்றனர். ஆயினும் அன்று என்ரீலே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்: தம் சொந்தப் பகுதியில் மட்டும் 3,50,000 வாக்குகள் மோசடியாகச் சேர்க்கப்பட்டன என்றார்.

முகாம்களில் இருந்த வீரர்கள் சில நூறு பேரே. பொழுது விடிந்தால் அழிவு உறுதி. இரவு ஒன்பது மணியளவில் வேரித்தாஸ் வானொலியில் கர்தினால் சின் பேசினார். அவருடைய குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் 'பாவம்' என்று பொருள்படும். தம் இல்லத்திற்கு வருவோரைப் 'பாவத்தின் வீட்டிற்கு வருக' என்று நகைச்சுவையோடு வரவேற்பது அவர் வழக்கம். அன்றிரவு அவர் குரலில் நகைச்சுவை இல்லை. முகாம்களில் உள்ள நம் நண்பர்களுக்குத் துணை நில்லுங்கள், உணவு கொண்டு செல்லுங்கள் என்று வேண்டினார். அதற்கு முன்பே அடைபட்ட மடங்களில் வாழும் கன்னியர்களைத் தொலைபேசியில் அழைத்து, நோன்பிருந்து, கைகளை விரித்துச் செபிக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். கோரசோன் அம்மையார் அப்போது தொலைவில் உள்ள செபு நகரில் இருந்தார்; அவருக்குக் கார்மேல் மடத்தின் கன்னியர் அன்றிரவு அடைக்கலம் தந்தனர்.

மக்கள் வந்தனர். முதலில் நூறு, பிறகு ஆயிரம், ஞாயிறன்று இலட்சம். இரு முகாம்களுக்கும் நடுவே செல்லும் 'எட்சா' என்னும் அகன்ற நெடுஞ்சாலை மனிதக் கடலாயிற்று. குழந்தைகளைத் தோளில் சுமந்த தந்தையர், சோற்றுப் பானையுடன் தாய்மார், சக்கர நாற்காலியில் முதியோர், குருக்கள், கன்னியர், பிற சபைக் கிறிஸ்தவர்கள் எனப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அந்நாட்களில் அங்கே கூடினர் என்பது பொதுவான மதிப்பீடு.

ஞாயிறு காலையில் வேரித்தாசின் பெரிய ஒலிபரப்பு நிலையம் படைவீரர்களால் தகர்க்கப்பட்டது. சிறிய மாற்றுக் கருவியைக் கொண்டு அன்று மாலை வரை தொடர்ந்து பேசினர். பிறகு அதுவும் ஓய்ந்தது. எனினும் குரல் ஓயவில்லை. ஜூன் கீத்லி என்னும் பெண் அறிவிப்பாளர், வேறொரு நிலையத்தில் மறைவாக அமர்ந்து, எந்தச் சாலையில் எந்தப் படை வருகிறது, மக்கள் எங்கே தேவைப்படுகிறார்கள் என்று விடிய விடிய அறிவித்துக்கொண்டே இருந்தார். அவ்வொலிபரப்புகளின் பதிவுகளை யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

அதே ஞாயிறு பிற்பகலில் டாங்கிகள் வந்தன. ஒர்திகாஸ் சந்திப்பில் மக்கள் அவற்றின் முன் முழந்தாளிட்டனர். மாதா சுரூபத்தை உயர்த்திப் பிடித்தனர். கன்னியர் செபமாலை சொல்லத் தொடங்கினர். இயந்திரங்கள் உறுமின, மக்கள் நகரவில்லை. டாங்கியின் மேல் நின்ற இளைஞனுக்குத் தண்ணீரும் ரொட்டியும் மலரும் நீட்டினர். அவனும் அந்நாட்டு மகனே. அவன் தாயும் இதே செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். டாங்கிகள் திரும்பிச் சென்றன.

திங்களன்று முகாமைத் தாக்க வந்ததாகத் தோன்றிய ஹெலிகாப்டர்கள் தரையிறங்கின. விமானிகள் வெள்ளைக் கொடியசைத்து மக்களோடு சேர்ந்தனர். செவ்வாய், பிப்ரவரி 25ஆம் நாள் காலை, கோரசோன் அக்கினோ குடியரசுத் தலைவராக உறுதிமொழி ஏற்றார். மாமியார் ஏந்திய திருவிவிலியத்தின்மீது அவர் கை வைத்திருந்தார். நண்பகலில் மார்க்கோசும் அரண்மனையில் ஓர் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். நெடுங்காலம் அவரைத் தாங்கி நின்ற அமெரிக்க அரசும் அதற்குள் கைவிட்டிருந்தது. அன்றிரவு அமெரிக்க ஹெலிகாப்டர்கள் அவரையும் குடும்பத்தினரையும் ஏற்றிச் சென்றன. ஹவாய்த் தீவில் அவர் 1989இல் மறைந்தார்.

வெற்றிக்குப் பின்

1987 பிப்ரவரி 2ஆம் நாள், வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் புதிய அரசியல் சாசனத்தை ஏற்றனர். அதன்படி குடியரசுத் தலைவர் ஆறாண்டுகள் ஒருமுறை மட்டுமே பதவி வகிக்கலாம். இராணுவச் சட்டம் பிறப்பித்தாலும் பாராளுமன்றமும் நீதிமன்றமும் அதனை ஆராய்ந்து நீக்க முடியும். மனித உரிமை ஆணையம் சாசனத்திலேயே இடம் பெற்றது. 1992இல் கோரசோன் அம்மையார் தேர்தலில் வென்ற அடுத்தவரிடம் ஆட்சியை ஒப்படைத்து வீடு திரும்பினார். பதவியை விட்டு அமைதியாக இறங்குவதும் மக்களாட்சியின் ஒரு பாடம் அன்றோ?

ஆயினும் எல்லாக் கண்ணீரும் துடைக்கப்படவில்லை. 1987 சனவரி 22ஆம் நாள், நிலம் கேட்டு ஊர்வலமாக அரண்மனை நோக்கி வந்த உழவர்கள்மீது மெந்தியோலாப் பாலத்தருகே துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் மாண்டனர். வெற்றிக்கு ஓராண்டுகூட ஆகவில்லை! நிலச் சீர்திருத்தச் சட்டம் 1988இல் வந்தது. ஆனால் குடியரசுத் தலைவியின் பிறந்த வீட்டாருக்குச் சொந்தமான பெரும் கரும்புப் பண்ணையின் நிலத்தை உழவர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டுமென உச்ச நீதிமன்றத்தின் இறுதி ஆணை 2012இல்தான் கிடைத்தது. இராணுவத்தினரின் கலகங்கள் பலமுறை நாட்டை அலைக்கழித்தன. பழைய பெருங்குடும்பங்களே மீண்டும் சட்டமன்ற இருக்கைகளை நிரப்பின.

நீதி மிகத் தாமதமாக, சிறுகச் சிறுக வந்தது. மார்க்கோஸ் குடும்பத்தின் சுவிஸ் வங்கிப் பணத்தில் 65 கோடி டாலருக்கு மேல் நாட்டுக்கே உரியதென உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. 2013இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் 11,103 பேர் கொடுமைக்கு ஆளானவர்களென அரசால் ஏற்கப்பட்டு இழப்பீடு பெற்றனர். கன்னியர் எழுதி வைத்த பெயர்கள் வீணாகவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லப்படாத கதை

இனிக் கூறுவது கசப்பான செய்தி. 2016 நவம்பரில் மார்க்கோசின் உடல் மணிலாவில் வீரர்களின் கல்லறையில் அரசு அனுமதியோடு அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே மாதத் தேர்தலில் அவருடைய மகன், தந்தையின் பெயரையே தாங்கிய பெர்டினாண்ட் மார்க்கோஸ் இளையவர், 3 கோடியே 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றுக் குடியரசுத் தலைவரானார். 1986இல் முகாமுக்குள் புகுந்த அதே என்ரீலே, அவருக்குச் சட்ட ஆலோசகராக அமர்ந்தார். 2024ஆம் ஆண்டின் அரசு விடுமுறைப் பட்டியலில் பிப்ரவரி 25 இடம் பெறவில்லை. 2025இல் அது வேலை நாளாகவே அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு பல கத்தோலிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் தாமாகவே வகுப்புகளை நிறுத்தி அந்நாளை நினைவுகூர்ந்தன.

மகன் ஆட்சிக்கு வந்தது மக்களின் வாக்குகளால். தந்தையின் குற்றத்தை மகன்மேல் சுமத்துவது நீதியன்று. யாருக்கு வாக்களிப்பது என்பது அந்நாட்டவரின் உரிமை. அந்த உரிமைக்காகத்தானே எட்சா சாலையில் அவர்கள் நின்றார்கள்? நம்மை வருத்த வேண்டியது வேறொன்று. இராணுவச் சட்டக் காலம் ஒரு பொற்காலம் என்றும், அப்போது நாட்டில் ஒழுங்கும் செழிப்பும் நிலவின என்றும் கைத்தொலைபேசித் திரைகளில் ஓயாமல் பரப்பப்பட்ட கதையை எண்ணற்ற இளைஞர் நம்பினர். அவர்கள் 1986க்குப் பின் பிறந்தவர்கள். சித்திரவதைக் கூடத்தை அவர்கள் கண்டதில்லை. கண்டவர்களோ பலர் பேசவில்லை. துன்பத்தை நினைக்க மனமின்றிச் சிலர் மௌனமாயினர். வெற்றி நிலையானது, இனிக் காவல் தேவையில்லை என்று எண்ணிச் சிலர் இருந்துவிட்டனர். பாடநூல்கள் ஓரிரு பத்திகளோடு நிறுத்திக்கொண்டன. வயிறு நிறையாத வீட்டில் 'சுதந்திரம்' என்ற சொல்லும் வெறுமையாகவே ஒலித்தது.

இருபது ஆண்டுக் கொடுமையைப் பொறுத்த மக்கள், நான்கே நாட்களில் அதனை நீக்கினர். ஆனால் அந்த நான்கு நாட்களின் பொருளை முப்பத்தாறு ஆண்டுகள் காத்து வைப்பது அதனினும் கடினமாயிருந்தது.

நம் இல்லங்களுக்கு

எட்சா சாலையும் ஒர்திகாஸ் சாலையும் கூடும் இடத்தில், டாங்கிகள் நின்ற இடத்திற்கு அருகே, அமைதியின் அரசியாம் அன்னை மரியாவுக்கு 1989இல் ஓர் ஆலயம் எழுப்பப்பட்டது. கர்தினால் சின் 2005இலும் கோரசோன் அம்மையார் 2009இலும் இறைவனடி சேர்ந்தனர். அன்று டாங்கியின் முன் மண்டியிட்ட இளங்கன்னியர் இன்று நரைத்த மூதாட்டியர். அந்தச் சாலையில் இன்று வாகனங்கள் நெருக்கியடித்துச் செல்கின்றன. அன்னையின் திருவுருவம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

அன்பான வாசகர்களே! பிலிப்பைன்ஸ் மக்களின் கதையிலிருந்து நாம் எதைக் கற்றுக்கொள்வோம்? பெருந்திரளையும் டாங்கிகளையும் கண்டு வியப்பதோடு நின்றுவிடக்கூடாது. அந்தத் திரள் கூடுவதற்கு முன்பே, தன் முன் இருந்த எண்ணைப் பொய்யாக்க மறுத்து எழுந்த 35 பேர் இருந்தனர். காணாமற் போனவனின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிய துறவி இருந்தார். வாக்குப் பெட்டியின் அருகே இரவெல்லாம் நின்ற பள்ளி ஆசிரியை இருந்தார். அவர்கள் செய்தது அவரவர் கையிலிருந்த சிறு வேலையில் உண்மையாயிருந்தது மட்டுமே. நம் அலுவலகக் கணக்கிலும், கடைத் தராசிலும், சங்கத் தேர்தலிலும், ஊராட்சி வாக்குச் சாவடியிலும் அதே வேலை நமக்கும் காத்திருக்கிறது. வாக்குக்குக் காசு வாங்கும் கை, வாக்குப் பெட்டியைக் காக்கும் கையாக ஒருபோதும் இருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. நாம் கண்டதையும் பட்டதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். எகிப்தை விட்டு வந்த இஸ்ரயேல் மக்களுக்கு, பாஸ்கா இரவில் பிள்ளைகள் கேட்கும்போது தந்தையர் அந்த விடுதலையின் கதையை எடுத்துரைக்க வேண்டும் என்று இறைவன் கட்டளையிட்டாரல்லவா? கடந்து வந்த பாலைவனத்தை மறந்த பிள்ளைகள் எகிப்தின் இறைச்சிச் சட்டிகளை எண்ணி ஏங்குவர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்தபின் விளக்கை அணைக்குமுன் சற்றே அமர்ந்திருங்கள். வீட்டுப் பெரியவரை, பழைய வானொலிப் பெட்டியில் வேரித்தாஸ் கேட்ட நாட்களைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது, அதைக் காக்க யார் யார் விழித்திருந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். நம் நாட்டுக்காகவும், தொலைவில் உள்ள அந்தத் தீவு நாட்டுக்காகவும், இன்றும் பொய்யின் நடுவே ஏதோ ஒரு மேசையில் அமர்ந்து மெய்யை எழுத அஞ்சிக்கொண்டிருக்கும் முகமறியா மனிதருக்காகவும், ஒரு அருள்நிறை மந்திரம் கூடுதலாகச் சொல்வோம்.